எக்ஸ்எம்எல் கோப்பில் பிரெஞ்சு எண்டிட்டிகள் பிழை காட்டுகின்றன; தமிழையும் சேர்த்து எல்லாவற்றையும் எண் குறிகளாக மாற்றிவிடலாமா?

வேண்டாம். பழைய எச்டிஎம்எல் பக்கங்களிலிருந்து உரையை எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மேற்கோடு இட்ட பிரெஞ்சு எழுத்துகளின் எண்டிட்டிப் பெயர்கள் (é எழுத்துக்கு &eacute; போன்றவை) எச்டிஎம்எல்லுக்கு உரியவை. 1998இல் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையான, தகவலைக் குறியிட்டுச் சேமிக்கும் வடிவமான எக்ஸ்எம்எல், &, <, > ஆகியவற்றுக்கும் இருவகை மேற்கோள் குறிகளுக்கும் உரிய ஐந்து பெயர்களை மட்டுமே தானாக அறியும்; மற்றவற்றை டிடிடியில் (கோப்பின் அமைப்பை வரையறுக்கும் பகுதியில்) அறிவிக்க வேண்டும்.

மொரிஷியஸில் எங்கள் கோயிலின் காவடி மலர் தமிழிலும் பிரெஞ்சிலும் வெளிவருகிறது. அதற்குப் பக்கம் அமைத்த நிறுவனம் ஒன்று, 'பாதுகாப்பு' என்று சொல்லித் தமிழ் முழுவதையும் எண் குறிகளாக்கி, அதாவது எழுத்துக்குப் பதில் அதன் யூனிகோடு எண்ணை இட்டுக் கொடுத்தது. 'கொ' என்பது &#2965;&#3018; என்று நின்றது. மெய்ப்புப் பார்க்கும் தமிழாசிரியை அந்தக் கோப்பில் எதைத் திருத்துவார்? எல்லா மொழி எழுத்துகளையும் நேரடியாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டில் அடங்கும் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஏழு பைட்டாக வீங்கியதுதான் மிச்சம். பிறகு அவர்களே & குறிகள் அனைத்தையும் ஒரே வீச்சில் &#38; ஆக்கினார்கள். é எழுத்துக்கு ஏற்கெனவே எண் குறியாக இருந்த &#233;, &#38;#233; ஆகி, ரெதுயி (Réduit) என்ற ஊர்ப்பெயருக்குள் &#233; என்றே அச்சில் விழுந்தது. சுட்டிக்காட்டியபோது, எழுத்துரு சரியில்லை என்று பழியை எங்கள் மீதே போட்டார்கள். இந்த மாற்றத்தை மூல உரையின் மீது, கோப்பை எழுதும் நேரத்தில், ஒரே ஒரு முறைதான் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததா?

எண் குறியே ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பிரெஞ்சில் முக்காற்புள்ளிக்கு முன் வரும் பிரியாத இடைவெளியைச் சாதாரண இடைவெளியிலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியாது; அதை &#160; என்று எழுதுவதே நல்லது. அடிப்படை ஆங்கில எழுத்துகளைக் கொண்ட ஆஸ்கியை மட்டும் ஏற்கும் பழைய அமைப்புக்கு அனுப்ப நேர்ந்தால் அனைத்தையும் எண்களாக்கத்தான் வேண்டும். ஆனால் அது அனுப்பும்போது மென்பொருள் செய்ய வேண்டிய வேலை, மூலக் கோப்பில் மனிதர் செய்து வைப்பதன்று. மற்றபடி கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, தமிழையும் பிரெஞ்சையும் உள்ளபடியே எழுதி, உரைக்குள் வரும் & குறியையும் < குறியையும் மட்டும் எண்டிட்டியாக மாற்றினால் போதும்.

உங்கள் உரையில் பிரெஞ்சு ஒற்றை மேற்கோளுக்கு &#146; இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். விண்டோஸ்-1252 என்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறையின் காலத்துப் பழக்கத்தை மதித்து உலாவிகள் அதை மேற்கோளாகவே காட்டும்; எக்ஸ்எம்எல்லிலோ அது ஒரு கட்டுப்பாட்டுக் குறி. &#8217; என்பதே சரி.