பழ ஈக் கலப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: வெண்கண் பெண் ஈயைச் செங்கண் ஆணுடன் கலந்தேன். இரண்டாம் தலைமுறையில் மூன்று செங்கண்ணுக்கு ஒரு வெண்கண் என்ற 3:1 ஏன் கிடைக்கவில்லை?

பதில்: வெண்கண்ணுக்குரிய ஒடுங்கு மரபணு (செங்கண் மரபணு உடனிருந்தால் வெளிப்படாதது) எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் கிடைக்காது. முதல் தலைமுறையில் ஆண் சந்ததி தன் ஒரே எக்ஸைத் தாயிடமிருந்தே பெறுவதால் அனைத்தும் வெண்கண். தந்தையின் எக்ஸையும் பெறும் பெண் சந்ததி அனைத்தும் செங்கண். 1910இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரபியலாளர் மார்கன் இதற்கு எதிர்த்திசையில், செங்கண் பெண்ணை வெண்கண் ஆணுடன் கலந்தபோது, இரண்டாம் தலைமுறையில் 2,459 செங்கண் பெண்களும் 1,011 செங்கண் ஆண்களும் 782 வெண்கண் ஆண்களும் கிடைத்தன. வெண்கண் பெண் ஒன்றுகூட இல்லை. பால் பிரிக்காமல் எண்ணியிருந்தால் அது சாதாரண ஒடுங்கு பண்பாகவே தோன்றியிருக்கும். பால்வாரியாக எண்ணுங்கள்.

கேள்வி: தாய் வெண்கண், தந்தை சுருங்கிய இறக்கை. இரண்டாம் தலைமுறையில், இரு பண்புகளுக்கு வழக்கமான 9:3:3:1 வருமா?

பதில்: வராது. இறக்கை மரபணு இரண்டாம் குரோமோசோமில் இருப்பதால் தனித்துப் பிரிந்து 3:1 தரும். இக்கலப்பில் முதல் தலைமுறை ஆண்கள் வெண்கண் என்பதால் இரண்டாம் தலைமுறையில் கண் நிறம் 1:1. பெருக்கினால் ஒவ்வொரு பாலிலும் 3:3:1:1. பால்வாரியாக எண்ணுங்கள்.

கேள்வி: கருமை உடலுக்கும் திசை முக்கியமா?

பதில்: எபனி எனப்படும் கருமை மூன்றாம் குரோமோசோமில் உள்ளது. அது பால் குரோமோசோம் அன்று, ஆகவே எது தாய், எது தந்தை என்ற திசை முக்கியமன்று.

கேள்வி: முதல் கலப்பையே நானும் செய்தேன். பெண் சந்ததியில் ஐந்தில் ஒன்று வெண்கண். இது மார்கனின் மாணவர் பிரிட்ஜஸ் விளக்கிய குரோமோசோம் பிரியாமைதானே?

பதில்: அன்று. கருமுட்டையில் இரு எக்ஸும் பிரியாமல் தங்குவது ஆயிரங்களில் ஒருமுறை நிகழ்வது. தாயே எக்ஸ்எக்ஸ்ஒய் ஆக இருந்தாலும் விதிவிலக்குகள் ஏறத்தாழ 4 சதவீதமே. மேலும், பிரியாமையானால், எக்ஸ் இல்லாத கருமுட்டை தந்தையின் எக்ஸைப் பெற்று, செங்கண் ஆண்களும் தோன்ற வேண்டும். உங்கள் குப்பியில் அவை இல்லையென்றால், தாய் ஏற்கெனவே தன் குப்பியின் வெண்கண் ஆணுடன் கூடி, விந்தைச் சேமித்து வைத்திருந்தது என்றே கொள்ள வேண்டும். 25 டிகிரியில் கூட்டிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பெண் ஈக்களைப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியர், இதை ஏற்க இயலாது. ஒய் இருந்தால் ஆண் அல்லவா? எக்ஸ்எக்ஸ்ஒய் எப்படிப் பெண்ணாகும்?

பதில்: அது மனித விதி, ஐயா. ஈயில் பாலைத் தீர்மானிப்பது எக்ஸின் எண்ணிக்கை. ஒய் விந்தின் வளத்துக்கு மட்டுமே வேண்டும். ஆகவே எக்ஸ்எக்ஸ்ஒய் ஈ கருவளமுள்ள பெண். ஒய் இல்லாத ஒற்றை எக்ஸ் ஈ மலட்டு ஆண். இயல்பான எக்ஸ்எக்ஸ் தாய்க்குப் பிறந்த மேற்சொன்ன செங்கண் ஆண்களைக் கன்னிப் பெண்களுடன் விட்டுப் பாருங்கள், முட்டைகள் பொரியா.

கேள்வி: எனக்கும் 3:1 வரவில்லை.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு நிறக்குருடு வருமா?

பதில்: மரபியல் ஆலோசகரை அணுகுங்கள், ஈக்களைப் பற்றி மட்டுமே நான் சொல்ல இயலும்.