கண்ணாடிப் பெட்டியின் முன் முதல் நாட்கள்: கேள்வி பதில்

பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 22 வருடம் நர்ஸாக இருந்தேன். என் இரண்டாவது மகளும் 31 வாரத்தில் பிறந்து அப்படியொரு பிரிவில்தான் கிடந்தாள். இன்குபேட்டரின் இரண்டு பக்கமும் நின்றவள் என்பதால் பதில் சொல்கிறேன். முதல் சில நாட்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். மருந்தின் அளவு, ஸ்கேன் ரிப்போர்ட் இரண்டும் வேண்டாம். அவற்றுக்கு உங்கள் டாக்டர் இருக்கிறார்.

நேற்றுப் பெற்றவள்: அக்கா, 30 வாரத்திலேயே சிசேரியன். பிள்ளையை ஒரு நொடி காட்டிவிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு இன்னும் எழுந்து உட்காரவே முடியவில்லை. இப்படிச் சும்மா படுத்திருப்பதுதான் கொடுமையாக இருக்கிறது. நான் செய்ய ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அந்தப் பிரிவில் இருக்கும் யாராலும் முடியாத ஒன்று. பால்.

வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டு, கையால் பால் பீய்ச்சக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது. தாண்டிவிட்டதென்றால் இப்போதே ஆரம்பியுங்கள், குடி முழுகிவிடவில்லை. முதல் நாளில் பம்பை விடக் கைதான் வசதி. சீம்பால் கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும். பம்பில் வைத்தால் பாதி அதன் சுவரிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். சின்ன சிரிஞ்சில் உறிஞ்சி எடுப்பார்கள். அரை மில்லி வந்தாலும் "இவ்வளவுதானா" என்று துடைத்துப் போட்டுவிடாதீர்கள். நோய் எதிர்ப்புச் சக்தி செறிந்திருப்பது அதில்தான். வயிற்றுக்குப் பால் கொடுக்க ஆரம்பிக்காத குழந்தைக்குக்கூட அந்தச் சொட்டைக் கன்னத்தின் உட்புறம் தடவுவார்கள். குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கும் ஒரு பொல்லாத அழற்சி உண்டு. அது தாய்ப்பால் பெறும் பிள்ளைகளுக்குக் குறைவாகவே வருகிறது.

24 மணி நேரத்தில் குறைந்தது எட்டு தடவை. அதில் ஒன்று நடுராத்திரியில் இருக்கட்டும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதல். எடுக்கும்போது பிள்ளையின் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் பால் இறங்குவதற்கு மனசும் ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகும் ரத்த அழுத்தம் எகிறலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலி, கண் மங்கல், காய்ச்சல், திடீரென்று அதிகமாகும் ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இதில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். பிள்ளை அங்கே கிடக்கும்போது தன் தலைவலியைச் சொல்லக் கூசிய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். கூசாதீர்கள். வீல்சேர் கேட்டு வாங்கி, இன்றே போய்ப் பிள்ளையைப் பாருங்கள்.

போகும்போது முழங்கை வரை கை கழுவுங்கள்.

மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பவள்: சிஸ்டர், ஆக்சிஜன் 88 என்று காட்டி மெஷின் அலறுகிறது. யாரும் ஓடி வருவதில்லை. நர்ஸ் ஒருவர் எட்டிப் பார்த்து பட்டனை அமுக்கிவிட்டுப் போகிறார். அலட்சியமா?

பெரும்பாலும் இல்லை. அவர் எட்டிப் பார்த்தது மானிட்டரை அல்ல, பிள்ளையின் நிறத்தையும் நெஞ்சு ஏறி இறங்குவதையும். பாதத்தில் சுற்றியிருக்கும் அந்தச் சிவப்பு விளக்கு, பிள்ளை ஒரு உதை விட்டாலே தப்பான எண்ணைக் காட்டும். அலை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை நம்புவோம்.

ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்கு 100 வேண்டும் என்று யாரும் ஆசைப்படுவதில்லை. பல இடங்களில் 90க்கும் 95க்கும் நடுவில் வைப்பார்கள். 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் நல்லதென்று நினைத்துத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளின் விழித்திரை கெட்டுப் பார்வை போனது. அந்தப் பாடம்தான் இன்று உங்கள் மானிட்டரில் மேல் எல்லைக்கும் ஓர் அலாரமாக இருக்கிறது. சில வாரம் கழித்துக் கண் டாக்டர் வந்து பார்ப்பதும் இதற்காகவே.

சில சமயம் பிள்ளை மூச்சு விடவே மறந்துவிடும். 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, அதற்குள் இதயத் துடிப்போ ஆக்சிஜனோ இறங்கினாலோ அதைக் கணக்கில் எடுப்போம். மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் முதிராததுதான் காரணம். உள்ளங்காலைத் தேய்த்தால் பெரும்பாலும் மறுபடி இழுக்கும். தடுக்கக் கொடுக்கும் மருந்து காஃபீன். ஆமாம், காபியில் இருக்கும் அதேதான்.

என் மகள் கிடந்தபோது, இதையெல்லாம் பத்து வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த நானே மூன்று நாள் மானிட்டரை மட்டும் பார்த்தேன். நான்காம் நாள் ராத்திரி என் சக நர்ஸ் வந்து திரையை அந்தப் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, "இவளுக்குக் காது மடல் யார் ஜாடை?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுவரை காதையே பார்த்திருக்கவில்லை. நீங்கள் எண்ணைப் பார்க்க வேண்டாம். அதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தொடப் பயப்படுகிறவள்: தொட்டால் உதறுகிறாள். தொடலாமா?

தொடலாம், தடவக் கூடாது. விரலால் வருடுவது அந்தத் தோலுக்கு உறுத்தல். கழுவிய, சூடான கையை ஒன்று தலையிலும் ஒன்று மடக்கிய காலிலுமாக அசைக்காமல் வைத்திருங்கள். எடுக்கும்போதும் மெல்ல எடுங்கள். விரல்களை விரித்து நீட்டினாலோ, விக்கினாலோ, கொட்டாவி விட்டாலோ "போதும்மா" என்கிறாள் என்று அர்த்தம். பெட்டியின் மேல் பாட்டிலை வைக்காதீர்கள், உள்ளே அது இடி மாதிரி கேட்கும்.

எடைக் கவலை: 1,420 கிராமில் பிறந்தவன் நான்காம் நாள் 1,310. பட்டினி போடுகிறார்களா?

இல்லை. வெளியேறுவது பெரும்பாலும் தண்ணீர். குறைமாதக் குழந்தைகள் பத்து சதவீதம், சிலர் பதினைந்து வரைகூட இழப்பார்கள். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புவார்கள்.

இன்னொரு எடைக் கவலை: என் மகள் 90 கிராம் குறைந்துவிட்டாள்...

மேலே உள்ள பதில்.

நீல விளக்கு: மஞ்சள் காமாலை என்று கண்ணைக் கட்டி விளக்கில் போட்டிருக்கிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது. கதிர்வீச்சா?

இல்லை, வெறும் நீல வெளிச்சம். தோலில் படிந்த பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை உடம்பு சுலபமாக வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. கண்ணைக் கட்டுவது வெளிச்சம் கூசாமலும் கண்ணுக்குக் கெடுதல் வராமலும் இருக்க.

இதைச் சொல்ல வாய்ப்பு கிடைத்தால் விடமாட்டேன்: இது ஒரு நர்ஸின் கண்டுபிடிப்பு. 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் சிஸ்டர் ஜீன் வார்டு குறைமாதக் குழந்தைகளை வெயிலுக்கு வெளியே கொண்டுபோவார். ஒரு குழந்தையின் உடம்பெல்லாம் வெளுத்து, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்பதை டாக்டர்களிடம் காட்டினார். பிறகு வெயிலில் மறந்து வைத்த, ரத்த மாதிரி இருந்த ஒரு சோதனைக் குழாயிலும் பிலிருபின் குறைந்திருந்தது. 1958இல் வெயிலுக்குப் பதில் விளக்கை வைத்துச் செய்த சிகிச்சை பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதற்காகப் பிள்ளையை நீங்களே ஜன்னலோரம் கொண்டுபோகாதீர்கள். வெயிலுக்கு அளவும் கிடையாது, குளிரும் தாக்கும். விளக்கே போதும்.

நெஞ்சில் வைக்கச் சொல்கிறார்கள்: 1,300 கிராம், மூக்கில் சிபேப் (காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி), இன்று மூன்றாம் நாள். கங்காரு முறையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது அக்கா.

பயத்தோடே உட்காருங்கள். முன்பக்கம் திறக்கும் சட்டை, சாயும் நாற்காலி. முன்கூட்டியே பாத்ரூம் போய்விட்டு வாருங்கள், ஏனென்றால் வைத்தால் ஒரு மணி நேரமாவது அசையக் கூடாது. டயப்பரும் தொப்பியுமாகப் பிள்ளையை நெஞ்சுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, மேலே துணி கட்டுவார்கள். மூக்கும் வாயும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கழுத்து மடங்கக் கூடாது. குழாய்களை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பொறியாளர் அப்பா: மன்னிக்கவும், குறுக்கிடுகிறேன். இன்குபேட்டர் தோல் வெப்பத்தை அளந்து நொடிக்கு நொடி திருத்திக்கொள்ளும் கருவி. அதிலிருந்து எடுத்து, எந்தக் கட்டுப்பாடும் இல்லாத மனித உடம்பில் ஒட்டவைப்பது பாசம். மருத்துவம் எப்படி ஆகும்?

கட்டுப்பாடு இல்லை என்று யார் சொன்னது தம்பி? பிள்ளை குளிர்ந்தால் தாயின் நெஞ்சு சூடு ஏறுகிறது. அளந்து பார்த்த விஷயம். 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் இதைத் தொடங்கியதற்குக் காரணம் பாசம் அல்ல, இன்குபேட்டர் பற்றாக்குறை. ஒரே பெட்டியில் பல குழந்தைகள் கிடந்து தொற்று பரவிக்கொண்டிருந்தது.

பொறியாளர் அப்பா: அதையேதான் நானும் சொல்கிறேன். கருவி இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடு. கருவி இருக்கும் இடத்தில் எதற்கு?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். "பிள்ளை நிலையான பிறகு பார்க்கலாம்" என்று எத்தனையோ அம்மாக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 2021இல் ஓர் ஆய்வு வந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகள், 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள 3,000க்கு மேற்பட்ட குழந்தைகள். பாதிப் பேரைப் பிறந்தவுடனேயே நெஞ்சில் வைத்தார்கள். மீதிப் பேரை வழக்கம்போல நிலையான பிறகு. 28 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 12 சதவீதம், இரண்டாவதில் 15.7. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்னதாக நிறுத்திவிட்டார்கள். அங்கே மானிட்டரும் சிபேப்பும் இருந்தன தம்பி. உடம்பு குளிர்ந்துபோனவர்களும் உடனே நெஞ்சில் வைத்த பக்கத்தில்தான் குறைவு. 2022இல் உலக சுகாதார நிறுவனம், பிறந்தவுடனே தொடங்கி ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வைக்கலாம் என்று சொல்லிவிட்டது.

வென்டிலேட்டர் பிள்ளையின் அம்மா: நான் வென்டிலேட்டரில் இருந்தவனையே வைத்திருந்தேன். இரண்டு நர்ஸ்கள் பிடித்துக் கொடுத்தார்கள். மெஷினை நம்பும் அப்பாக்கள் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டும்.

பொறியாளர் அப்பா: குழாய் கழன்றிருந்தால்?

அந்தப் பயம் நியாயமானது. ஆபத்து எடுக்கும்போதும் திருப்பி வைக்கும்போதும்தான். அதனால்தான் இரண்டு பேர் கை கொடுப்பது, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருப்பது. இன்னொரு இடத்திலும் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களின் தோல் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். முதல் நாட்களில் பெட்டியின் ஈரப்பதம் அவர்களுக்கு முக்கியம், எப்போது எடுக்கலாம் என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் பெட்டிக்கு எதிரி இல்லை. பெட்டிதான் அம்மா, அம்மா விருந்தாளி என்று நடத்துவதற்குத்தான் எதிரி. உங்கள் பிள்ளை எத்தனை வாரம்?

பொறியாளர் அப்பா: 32. ஐந்தாம் நாள். என் மனைவிக்குக் காய்ச்சல், வார்டில் இருக்கிறாள். அதனால்தான்...

அப்படியானால் நாற்காலி உங்களுக்குத்தான். அப்பாவின் நெஞ்சும் சூடாகத்தான் இருக்கும். குளித்துவிட்டு, வாசனைத் திரவியம் போடாமல் போங்கள். முழங்கை வரை கை கழுவுங்கள். போனைத் தொட்டால் மறுபடியும் கழுவுங்கள். அதைவிட அழுக்கான பொருள் அந்த அறையில் கிடையாது.

பால் குறைவு: மூன்றாம் நாள், மொத்தமே 8 மில்லி. பக்கத்துப் படுக்கைக்காரிக்கு பாட்டில் நிறைகிறது.

பக்கத்துப் படுக்கையைப் பார்க்காதீர்கள். பால் கட்டி இறங்க இரண்டிலிருந்து ஐந்து நாள் ஆகும், குறைப்பிரசவத்தில் இன்னும் தாமதமாகலாம். எட்டு தடவை எடுக்கிறீர்களா? மீதியை முதல் பதிலில் எழுதியிருக்கிறேன்.

எடை: பிறந்த எடையைவிட 7 சதவீதம்...

முடியாது. மேலே போங்கள்.

எப்போது டிஸ்சார்ஜ்? 33 வாரத்தில் பிறந்தவன். தேதி சொல்லுங்கள்.

நான் சொல்ல முடியாது, உங்கள் டாக்டரும் இன்று சொல்லமாட்டார். உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் சேர்த்துச் செய்யும் பக்குவம் 34 வாரத்தையொட்டித்தான் வரத் தொடங்கும். அதுவரை டியூப். தானாகக் குடிக்க வேண்டும், பெட்டி இல்லாமல் சூட்டைத் தக்கவைக்க வேண்டும், மூச்சை மறக்காமல் இருக்க வேண்டும், எடை ஏற வேண்டும்.

மூளை ஸ்கேன் பற்றி: ரிப்போர்ட்டில் இப்படிப் போட்டிருக்கிறது...

டாக்டர். ரவுண்ட்ஸ் எப்போது என்று கேட்டு அந்த நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனதும் மறந்துவிடும்.

பெயர் வேண்டாம்: ஆறு நாள் ஆகிறது. எல்லோரும் அழுகிறார்கள், எனக்கு அழுகை வரவில்லை. அவனைப் பார்த்தால் வேறு யாருடைய பிள்ளையோ மாதிரி இருக்கிறது. நேற்று எனக்கு டிஸ்சார்ஜ். வெறுங்கையோடு வந்துவிட்டேன். நான் கெட்டவளா?

இல்லைம்மா. பிள்ளையைக் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தவளுக்கு அப்படித்தான் இருக்கும். பாசம் பெரும்பாலும் வேலை செய்துகொண்டே வருவது. டயப்பர் மாற்றுவது, வாயைத் துடைப்பது, டியூபில் பால் இறங்கும்போது சிரிஞ்சைப் பிடிப்பது, இவற்றில் எதை நான் செய்யலாம் என்று நர்ஸிடம் கேளுங்கள். கேட்கும் அம்மாவை எங்களுக்குப் பிடிக்கும். ஒரு சின்னத் துணியை ராத்திரி உங்கள் உடம்போடு வைத்திருந்து, அனுமதித்தால் அவன் பக்கத்தில் வையுங்கள். அவனிடமிருந்து ஒன்றை நீங்கள் எடுத்துவந்து பால் எடுக்கும்போது முகருங்கள். மனசு மரத்துப்போனது இரண்டு வாரத்தைத் தாண்டினால், அல்லது தூக்கமே இல்லாமல் போனால், டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கு மருத்துவம் உண்டு. உன்னையோ அவனையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் காத்திருக்காதே, பக்கத்தில் இருப்பவரிடம் அந்த நிமிஷமே சொல்.

பொறியாளர் அப்பா: 70 நிமிடம் வைத்திருந்தேன். தொடங்கும்போது 36.6, முடிவில் 36.9. ஆனால் ஒரே ஓர் அளவீடு ஆதாரம் ஆகாது.

ஆகாதுதான். நாளைக்கும் அளந்து பாருங்கள்.

நேற்றுப் பெற்றவள்: அக்கா, 3 மில்லி வந்திருக்கிறது! சிரிஞ்சில் பேர் எழுதித் தரச் சொல்கிறார்கள். அவளுக்கு இன்னும் பேரே வைக்கவில்லையே?

உங்கள் பேரை எழுதுங்கள். தேதி, எடுத்த நேரம். அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்காமல் சீக்கிரம் கொடுத்தனுப்புங்கள்.