சித்தப்பாவின் இடது காது

அன்புள்ள ஐயா,

நிலவில் 12 பேர் நடந்துவிட்டார்கள். ஆனால் ஆழ்கடலுக்கு மனிதனை அனுப்புவது அதைவிடக் கஷ்டம் என்கிறார்கள். பக்கத்தில் கிடக்கும் கடல் எப்படி விண்வெளியைவிடக் கடினமாகும்? ஆழ்கடலுக்கு ஆளை அனுப்பும் நம் நாட்டுத் திட்டமான சமுத்ரயான் வீண் செலவு இல்லையா? நம் குமரி மாவட்டத்துப் படிக்காத மீனவர்களிடம் கேட்டால் தெரியவா போகிறது? நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒரு கல்லூரி மாணவன், குலசேகரம்

அன்புள்ள தம்பி,

நேற்று கடியப்பட்டணத்தில் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால் உங்கள் கடிதம். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

செலவுக் கணக்கை விடுங்கள். ராக்கெட்டுக்குக் கேட்காத கணக்கைக் கடலுக்கு மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

விஷயம் அழுத்தம். விண்கலத்துக்கு உள்ளே கரையில் இருக்கிற காற்றழுத்தம், வெளியே வெற்றிடம். அதன் சுவர் தாங்க வேண்டிய வித்தியாசம் ஒரே ஒரு வளிமண்டல அழுத்தம். கடலில் 10 மீட்டர் இறங்கினாலே அந்த ஒன்று கூடிவிடும். 6000 மீட்டரில் அறுநூறு மடங்கு. சமுத்ரயானுக்காகச் சென்னையில் உருவாகிற மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியில் மூன்று பேர் உட்காரும் கோளத்தின் விட்டம் 2.1 மீட்டர்தான், அதற்கு 80 மில்லிமீட்டர் கனத்தில் டைட்டானியம் சுவர். 2018-இல் விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் கலத்தில் 2 மில்லிமீட்டர் துளை விழுந்தபோது முதலில் டேப் ஒட்டினார்கள், அப்புறம் பசை வைத்து அடைத்தார்கள். 2023-இல் டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி அழுத்தத்தில் நொறுங்கியபோது உள்ளே இருந்த ஐந்து பேருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ஒரு நொடிகூட இல்லை.

ரேடியோ அலை ஆழ்கடல்வரை போகாது, வெளிச்சமும் எட்டாது. இதெல்லாம் நீங்களே படித்துக்கொள்ளலாம்.

ஆனால் 'படிக்காத மீனவர்கள்' என்று எழுதினீர்களே, அதை எழுதும்போது கை கூசவில்லையா? அந்த 10 மீட்டரை மறுபடி யோசியுங்கள். விண்கலத்தின் சுவர் தாங்குகிற அதே ஒரு வளிமண்டலத்தை, சிப்பி எடுக்க முங்குகிறவர் வெறும் உடம்பில் வாங்குகிறார். நெஞ்சில் பிடித்த காற்று அங்கே பாதியாகச் சுருங்கிவிடும். இயந்திரம் இல்லை, உடை இல்லை. இடுப்பில் ஒரு வலைப்பை, கையில் ஒரு கத்தி. குலசேகரத்தில் நீங்கள் தேங்காய் அரைத்துச் சாப்பிடுகிற சிப்பிக்கறி அப்படித்தான் மேலே வருகிறது.

சித்தப்பா முப்பது வருஷம் முங்கினார். கரையேறியதும் வெயிலில் காய்ந்த கூழாங்கல்லை எடுத்துக் காதில் அழுத்தி, தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் நிற்பார். கல் நனைந்தால் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் கல் சிவப்பாக நனைந்தது. சளியோடு முங்கியிருக்கிறார், மூக்கைப் பிடித்து ஊதியும் காது திறக்கவில்லை, செவிப்பறை கிழிந்துவிட்டது. அன்றைக்கும் பையை நிரப்பிவிட்டுத்தான் ஏறினார். அழுத்தம் என்றால் என்ன என்று அவரிடம் கேளுங்கள், தம்பி. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பதை அவர் ஒரு மணி நேரம் சொல்வார்.

2025 ஆகஸ்டில் நம் நாட்டுக்காரர் ஒருவர் பிரான்ஸின் நாட்டீல் நீர்மூழ்கியில் அட்லாண்டிக்கில் 5002 மீட்டர் வரை இறங்கினார். நேற்று அதைச் சொல்ல ஆரம்பித்தேன். "மக்களே, இந்தப் பக்கமா வந்து சொல்லு" என்று வலது காதைத் திருப்பினார். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்:

"அவருக்குக் காது வலிச்சுதா?"

கோளத்துக்குள் கரையில் இருக்கிற அழுத்தமேதான் இருக்கும், வலிக்காது என்றேன்.

"அப்ப நல்லது" என்றார்.