கம்ப்யூட்டரோடு செஸ் ஆடும்போது "டிரா" கேட்டால் யார் பதில் சொல்வது?

டிரா என்றால் வெற்றி தோல்வி இல்லாமல் ஆளுக்கு அரைப் புள்ளி. மனிதர்கள் ஆடும்போது, காயை நகர்த்திவிட்டு "டிராவா?" என்று கேட்டு, கடிகாரத்தை அழுத்துவார்கள். எதிராளி ஒப்புக்கொண்டால் ஆட்டம் முடிந்தது.

எதிரே கம்ப்யூட்டர் என்றால்? பெரிய போட்டிகளில் அதன் பக்கம் ஒரு மனிதர் உட்கார்ந்து காய் நகர்த்துவார். டிராவுக்குப் பதில் சொல்வதும் அந்தக் கம்ப்யூட்டரை இயக்கும் குழுதான். காரணம் எளிது: ஆட்டம் யாருக்குச் சாதகம் என்று புரோகிராம் சொல்வது ஒரு மதிப்பெண்ணாக மட்டுமே. பூஜ்யம் என்றால் இருவரும் சமம். ஆனால் எதிராளி களைத்திருக்கிறாரா, இந்த அரைப் புள்ளி போட்டிக்குப் போதுமா என்பதெல்லாம் அந்த எண்ணில் வராது. தராசு எடையைக் காட்டும். விலையைக் குறைப்பதா என்று கடைக்காரர்தான் சொல்ல வேண்டும், அப்படித்தான்.

கடைக்காரரும் தப்புக் கணக்குப் போடுவார். 1996, பிலடெல்பியா. ஐபிஎம்மின் செஸ் கம்ப்யூட்டர் டீப் புளூவும் உலக சாம்பியன் காஸ்பரோவும் 2-2 என்று இருந்தபோது, ஐந்தாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் டிரா கேட்டார். டீப் புளூ குழு மறுத்தது. அந்த ஆட்டத்தில் தோற்றது, அடுத்ததிலும் தோற்றது! 2003-ல் காஸ்பரோவோடு மோதிய டீப் ஜூனியர் என்ற செஸ் புரோகிராமின் குழுவும், கடைசி ஆட்டத்தில் அவர் டிரா கேட்டபோது முதலில் மறுத்தது. ஆனால் சில நகர்த்தல்கள் கழித்துத் தானே டிரா கேட்டது. காஸ்பரோவ் ஒப்புக்கொள்ள, போட்டி 3-3.

அப்புறம், எல்லா டிராவுக்கும் சம்மதம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ராஜாவுக்குச் செக் இல்லாமல், தன் முறையில் விதிப்படி நகர்த்தக்கூடிய காய் ஒன்றும் இல்லாமல் போனால், யாரையும் கேட்காமலே ஆட்டம் டிராதான்.