மறுமுறை வென்றவரெல்லாம் வெற்றியாளரா?

கேள்வி: ஜிம்மி கார்ட்டர் மறைந்தபோது தங்கள் இதழ் அவரைப் பாராட்டி எழுதியிருந்தது. நான்கே ஆண்டுகளில் சொந்த நாட்டு மக்களால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அதிபர் எப்படிப் பாராட்டுக்குரியவர் ஆவார்? மறுமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் வெற்றி பெற்றவர், தோற்கடிக்கப்பட்டவர் தோல்வியுற்றவர் என்பதைவிடத் தெளிவான அளவுகோல் வேறு என்ன இருக்கிறது? இதை ஏற்கவில்லை என்றால், அண்மைக் காலத்தில் அமெரிக்காவை ஆண்டவர்களுக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்பதையாவது சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தங்கள் அளவுகோலை எடுத்துக்கொண்டு முதலில் 1972க்குப் போவோம். அந்த ஆண்டு நவம்பரில் ரிச்சர்டு நிக்ஸன் ஐம்பது மாநிலங்களில் 49ஐ வென்று மறுமுறை தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த இருபத்தொரு மாதங்களில், 1974 ஆகஸ்டு 9 அன்று, வாட்டர்கேட் முறைகேட்டில் சிக்கி, இனிப் பதவி தப்பாது என்று அவருடைய கட்சியின் மூத்த தலைவர்களே நேரில் வந்து சொல்லிவிட்ட நிலையில், அமெரிக்க வரலாற்றில் பதவி விலகிய ஒரே அதிபராக வெள்ளை மாளிகையை விட்டு வெளியேறினார். தங்கள் கணக்கில் அவர் மாபெரும் வெற்றியாளர். ஹாரி ட்ரூமனின் கதை இதற்கு நேர்மாறானது. 1952 பிப்ரவரியில் கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அவருடைய ஆட்சியை ஏற்றவர்கள் நூற்றுக்கு 22 பேர் மட்டுமே. அடுத்த மாதம் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த கட்சி வேட்பாளர் தேர்வில் சொந்தக் கட்சிக்காரரிடமே தோற்று, போட்டியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். போரில் சிதைந்த மேற்கு ஐரோப்பாவுக்கு உதவிய மார்ஷல் திட்டமும், ராணுவத்தில் நிறப்பாகுபாட்டை ஒழிக்க 1948இல் பிறந்த ஆணையும் அவர் ஆட்சியில் வந்தவை. இன்று வரலாற்றாசிரியர்கள் அவரை முதல் பத்துப் பேருக்குள் வைக்கிறார்கள்.

தேர்தல் முடிவை நான் குறைத்துப் பேசவில்லை. யார் ஆள வேண்டும் என்று சொல்லும் உரிமை மக்களுக்கு மட்டுமே உண்டு. ஆனால் வாக்காளர் முன் வைக்கப்படும் கேள்வி, எதிரில் நிற்பவர்களில் அடுத்த நான்காண்டுக்கு யார் வேண்டும் என்பதுதான். கடந்த நான்காண்டுகளில் எடுக்கப்பட்ட முடிவுகளின் பலன் அந்த நாளுக்குள் முழுமையாக வெளிப்பட்டிருப்பது அரிது. கார்ட்டரின் தோல்விக்குப் பெரும் காரணமாக இருந்த பணவீக்கத்தையே பாருங்கள்.

அவர் 1977 ஜனவரியில் பதவியேற்றபோது பிறந்த நோயன்று அது. வியட்நாம் போரையும் உள்நாட்டு நலத்திட்டங்களையும் ஒருசேர நடத்திய லிண்டன் ஜான்சனின் காலத்தில், அவற்றுக்கு ஈடுகட்டும் வரி உயர்வு 1968இல்தான் சட்டமானது. அதற்குள் விலைவாசி ஏறத் தொடங்கிவிட்டது. அடுத்து வந்த நிக்ஸன், 1971 ஆகஸ்டில் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்துவிட்டு, விலைகளையும் ஊதியங்களையும் ஆணை போட்டு நிறுத்திப் பார்த்தார். 1972 தேர்தலுக்கு முன் பணப்புழக்கத்தைத் தாராளமாக வைத்திருக்கும்படி மைய வங்கித் தலைவர் ஆர்தர் பர்ன்ஸை அவர் நெருக்கியது, அவரே வைத்த ஒலிப்பதிவுக் கருவிகளில் பதிவாகியிருக்கிறது. 1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. 1979இல் ஈரானியப் புரட்சியை ஒட்டி எண்ணெய் விலை மீண்டும் எகிறியது. 1980இன் தொடக்கத்தில் பணவீக்கம் 14 சதவீதத்தைத் தாண்டியபோது, நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவர் தலையில் மொத்தப் பழியும் விழுந்தது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் செய்தது என்ன? 1979 ஆகஸ்டில் மைய வங்கியின் தலைமையைப் பால் வோல்க்கரிடம் கொடுத்தார். வோல்க்கர் வட்டியை ஏற்றக்கூடியவர் என்பதும், அது தேர்தல் ஆண்டில் தம்மையே சுடும் என்பதும் தெரியாமல் செய்த நியமனம் அன்று அது. நெருங்கிய சிலர் எச்சரிக்கவும் செய்தார்கள். வோல்க்கர் அக்டோபரிலேயே பணப்புழக்கத்தை இறுக்கினார். குறுகிய காலக் கடன்களுக்கான வட்டி 20 சதவீதத்தை எட்டியது. கட்டடத் தொழிலாளர்களும் கடன்பட்ட விவசாயிகளும் திண்டாடினார்கள். 1980 நவம்பரில் கார்ட்டர், அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் 538 வாக்குகளில் 49 மட்டுமே பெற்றுத் தோற்றார். 1983இல் பணவீக்கம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியபோது ரொனால்டு ரீகனுக்குப் பாராட்டு குவிந்தது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் மற்றொருவர்.

ரீகனுக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. 1982இன் இறுதியில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டி, இடைக்காலத் தேர்தலில் அவருடைய கட்சி கீழவையில் 26 இடங்களை இழந்தபோதும் அவர் வோல்க்கரைக் கைவிடவில்லை. 1983இல் மறுமுறையும் அவரையே நியமித்தார். உடன் இருந்தவர்கள் பலர் வேறு ஆளைத் தேடச் சொன்ன வேளையில் எடுத்த முடிவு என்பதால், இதை ரீகனின் உண்மையான வெற்றிகளில் ஒன்றாகவே கொள்ளலாம். அவருடைய எட்டாண்டுகளில் கூட்டரசின் கடன் ஏறத்தாழ மும்மடங்கானதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். எண்பதுகளின் செழிப்பைப் பேசுகிறவர்களுக்கு இந்த வரி மட்டும் ஏனோ கண்ணில் படுவதில்லை.

இப்படிச் சொன்னதால் கார்ட்டரை நான் முழுவதுமாகக் காப்பாற்றிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அவரிடம் குறை காணத் தாங்கள் தேடும் இடம்தான் தவறு. 1977இன் கடைசி இரவில் தெஹ்ரானில் நடந்த விருந்தில், கொந்தளிப்பு மிகுந்த அந்தப் பகுதியில் மன்னர் ஷாவின் ஈரான் ஒரு நிலையான தீவு என்று அவர் புகழ்ந்தார்; பதின்மூன்றே மாதங்களுக்குள் ஷா நாட்டை விட்டு ஓடினார். 1979 அக்டோபரில், நோயுற்ற ஷாவை அமெரிக்காவுக்குள் அனுமதித்தால் தெஹ்ரானில் உள்ள தூதரகம் தாக்கப்படலாம் என்று அங்கிருந்தே எச்சரிக்கை வந்திருந்தது. கார்ட்டரே அந்த அச்சத்தைத் தம் ஆலோசகர்களிடம் எழுப்பியவர். இருந்தும் ஷாவின் செல்வாக்குள்ள நண்பர்கள் கொடுத்த நெருக்கடிக்கு இணங்கினார். நவம்பர் 4 அன்று தூதரகம் பிடிபட்டது. 52 அமெரிக்கர்கள் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். 1980 ஏப்ரலில் அனுப்பிய மீட்புப் படை பாலைவனத்தில் எட்டு வீரர்களை இழந்து திரும்பியதைத்தான் பலரும் அவருடைய பெரும் தோல்வியாகச் சொல்வார்கள். புழுதியில் ஹெலிகாப்டர்கள் பழுதானதில் தற்செயலுக்கும் இடமுண்டு. எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டே ஷாவுக்குக் கதவைத் திறந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

எங்கள் அஞ்சலிக் கட்டுரை பாராட்டியதும் அதே மனிதரின் வேறு இரண்டு முடிவுகளைத்தான். 1978 செப்டம்பரில் எகிப்தின் சாதாத்தையும் இஸ்ரேலின் பெகினையும் கேம்ப் டேவிடில் பதின்மூன்று நாட்கள் வைத்துப் பேசி, மறு ஆண்டு அமைதி உடன்படிக்கை கையெழுத்தாக வழி செய்தார். அதற்கு முன் நான்கு பெரும் போர்களை நடத்திய அந்த இரு நாடுகளும் அதன் பிறகு போரிட்டதில்லை. பனாமா கால்வாயைத் திருப்பிக் கொடுக்கும் உடன்படிக்கைகள் செனட்டில் 68க்கு 32 என்று, தேவைக்கு ஒரே ஒரு வாக்குக் கூடுதலாகப் பெற்று நிறைவேறின. தமக்கு வாக்கு எதுவும் தேடித் தராது, இருப்பதையும் இழக்க வைக்கும் என்று தெரிந்தே அதற்காக அவர் போராடினார்.

ஆகவே ஓர் அதிபரை எடைபோடும்போது நான் பார்ப்பது அவருடைய காலம் எப்படி இருந்தது என்பதை அன்று. குறிப்பிட்ட ஒரு முடிவை எடுத்தபோது அவருக்கு என்ன தெரிந்திருந்தது, வேறு வழி திறந்திருந்ததா, அந்த முடிவுக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பவற்றையே பார்க்கிறேன். இந்தக் கேள்விகளுக்கு ஜான்சனைப் போல் விடை தருபவர் வேறு எவரும் இல்லை.

டெக்ஸாஸ்காரரான அவர், தம்மை வளர்த்துவிட்ட தென்மாநிலச் செனட்டர்களையே எதிர்த்து நின்று, வாக்கெடுப்பு நடக்கவிடாமல் அறுபது நாட்கள் நீண்ட அவர்களுடைய தடைப்பேச்சை முறியடித்து, 1964 ஜூலை 2 அன்று சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு ஆகஸ்டு 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்த கறுப்பின மக்கள் அதற்கு முன் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. இரண்டே ஆண்டுகளில் அது அறுபதை நெருங்கியது. அதே 1965 அக்டோபரில் அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், பிறந்த நாட்டைப் பார்த்து ஒதுக்கீடு செய்யும் முறையை ஒழித்தது. 1946இலிருந்து இந்தியாவுக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்ற ஒதுக்கீடுதான் இருந்தது. நம் பகுதிகளிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் கதவைத் திறந்த கையெழுத்து அது.

இனி அந்தக் கையின் மற்றொரு வேலை. 1964 மே 27 அன்று, தம் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் தொலைபேசியில் பேசிய ஜான்சன், வியட்நாம் போரிடத் தகுந்த இடம் என்று தமக்குத் தோன்றவில்லை என்றும், ஆனால் அங்கிருந்து வெளியேறவும் முடியும் என்று தோன்றவில்லை என்றும் சொன்னார். அந்த உரையாடலின் ஒலிப்பதிவை இன்று யாரும் கேட்கலாம். பத்து வாரங்கள் கழித்து, டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறை தாக்கப்பட்டதாகச் சொல்லி, நடந்தே இராத அந்தத் தாக்குதலைக் காட்டி, போர் தொடுக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடமிருந்து பெற்றார். கீழவையில் எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. செனட்டில் எதிர்த்தவர்கள் இருவர். அந்த நவம்பரில் 486 தேர்வாளர் வாக்குகளோடு மகத்தான வெற்றி பெற்றார். 1968இல் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் ஐந்து லட்சத்துக்கும் மேல். அந்தப் போர் முடிவதற்குள் 58,000க்கும் அதிகமான அமெரிக்கர்களும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியரும் இறந்தார்கள்.

வாக்குரிமைக்கு நூறு, வியட்நாமுக்குச் சுழியம், எனவே ஜான்சனுக்கு ஐம்பது என்று போட்டால் அந்த ஐம்பது யாரைப் பற்றிய செய்தி? மிசிசிப்பியில் முதன்முறையாக வாக்களித்த பெண்ணுக்கும், குண்டுவீச்சில் ஊரை இழந்த வியட்நாமியருக்கும் அது எதையும் சொல்லாது. தாம் நம்பாத போரில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்ததை எந்த நலத்திட்டமும் ஈடுசெய்யாது. வியட்நாமைக் காட்டி வாக்குரிமைச் சட்டத்தைச் சிறுமைப்படுத்தவும் முடியாது. இரண்டையும் தனித்தனியே வைத்திருப்பதுதான் கணக்குத் தெரிந்தவர் செய்யும் வேலை.

மக்கள் வேண்டாம், அறிஞர்கள் தரும் வரிசைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம் என்று சிலர் சொல்லக்கூடும். அதிலும் எச்சரிக்கை தேவை. 1948இல் வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெஸிங்கர் 55 அறிஞர்களிடம் கேட்டுத் தொகுத்த முதல் பட்டியலில் உள்நாட்டுப் போருக்குப் பின் ஆண்ட யுலிசிஸ் கிராண்ட், 1920களின் அதிபர் ஹார்டிங்கோடு சேர்த்துத் ‘தோல்வி’ என்ற அடித்தட்டில் வைக்கப்பட்டார். முதல் உலகப் போர்க்கால அதிபர் உட்ரோ வில்சன் நான்காம் இடத்தில் இருந்தார். சி-ஸ்பான் தொலைக்காட்சி 2021இல் வெளியிட்ட பட்டியலில் கிராண்ட் இருபதாம் இடத்துக்கு ஏறியிருக்கிறார். வில்சன் பதின்மூன்றுக்கு இறங்கியிருக்கிறார். கிராண்ட் ஆட்சியின் ஊழல்கள் உண்மையானவை. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கொன்று குவித்த வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளானை ஒடுக்க 1871இல் சட்டம் கொண்டுவந்து, தென் கரோலினாவுக்குப் படை அனுப்பிக் கைது செய்யவைத்தவரும் அவரே. தென்மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கொடுத்ததே பிழை என்று நம்பிய தலைமுறை அறிஞர்களுக்கு அந்தப் பணி சாதனையாகத் தோன்றவில்லை. கூட்டரசு அலுவலகங்களில் வில்சன் நிறப்பாகுபாட்டை அனுமதித்தது குறையாகவும் தோன்றவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியங்கள் 1872இலேயே பதின்மூன்று தொகுதிகளாக அரசால் அச்சிடப்பட்டிருந்தன. நூலகத்தில் இருந்த அவற்றைப் பொருட்படுத்தாமலே தீர்ப்பு எழுதியவர்கள் பலர்.

அண்மைக் கால அதிபர்களுக்கு மதிப்பெண் கேட்டிருக்கிறீர்கள். தர மாட்டேன். பண்டியிடம் ஜான்சன் பேசியது அன்றைய வாக்காளருக்குத் தெரியாது. நிக்ஸன் பர்ன்ஸை நெருக்கியதும் தெரியாது. அதிபரின் ஆவணங்கள் அவருடைய சொந்த உடைமை அல்ல, நாட்டின் உடைமை என்று சொல்லும் சட்டமே 1978இல்தான் வந்தது. அதில் கையெழுத்திட்டவர், தாங்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் என்று எள்ளும் கார்ட்டர். அந்தச் சட்டத்தின்படியும், பதவிக்காலம் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் வரை சில வகை ஆவணங்களை மூடி வைக்கலாம். வெளிப்படையாகச் செய்தவற்றுக்கு இந்தக் காத்திருப்பு வேண்டியதில்லை. தம்மை விசாரித்த சிறப்பு வழக்குரைஞரை நிக்ஸன் 1973 அக்டோபர் 20 அன்று நீக்கவைத்தபோது, ஆவணக் காப்பகம் திறக்கட்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை. கண்டனத் தந்திகள் அந்த வாரமே வாஷிங்டனில் வந்து குவிந்தன. ஆகவே, அதிபரின் பெயரை மட்டும் எழுதி மதிப்பெண் கேட்காமல், அவர் எடுத்த முடிவுகளில் ஒன்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வரும் இதழில் பதில் சொல்கிறேன்.

– ஆசிரியர்