மார்கழிக் குளிரில் ட்ரவுட்: வாசகர் கேள்விகள்

கார்த்திகை பிறந்தால் தபால் கூடிவிடுகிறது. பூச்சிபோல இறகும் நூலும் கட்டிய முள்ளை, அதாவது ஃப்ளையை வீசி, ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்க விடுமுறைக்கு மலையேறுகிறவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் எழுதுகிறீர்கள். வந்தவற்றில் சிலவற்றுக்கு மட்டும் பதில்.

டிசம்பர் கடைசியில் குலு பக்கம் குடும்பத்தோடு போகிறோம். தீர்த்தன் ஆற்றுக்கு எந்த ஃப்ளை கொண்டுபோகலாம்? (காரைக்குடி)

ஒன்றும் வேண்டாம். ஹிமாச்சலில் ட்ரவுட் ஆறுகள் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய மூடியிருக்கும். காஷ்மீரிலும் குளிர்காலம் முடிய வேண்டும். டிக்கெட் எடுக்குமுன் கேட்டிருக்கலாம். தூண்டில் ராடை வீட்டில் வைத்துவிட்டு ஸ்வெட்டரை எடுத்துப் போங்கள்.

அப்படியானால் நீலகிரி? (புதுவயல்)

அங்கே ட்ரவுட் உண்டு. 1863இல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே அதை அங்கே கொண்டுவர எடுத்த முதல் முயற்சி தோற்றது. 1907 வாக்கில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் ட்ரவுட் அங்கே ஊன்றியது. ஆனால் முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலோடு நுழையாதீர்கள். மற்ற இடங்களுக்கு மீன்வளத்துறை, வனத்துறை இரண்டிலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'லாட்ஜ்காரர் பரவாயில்லை என்றார்' என்பது அனுமதி ஆகாது.

மகன் டென்வரில் இருக்கிறான். ஜனவரிப் பனியில் விடியற்காலை போய் ஆற்றில் நிற்கிறான், ஒன்றும் மாட்டவில்லை என்கிறான். ஆறு உறைந்துபோகாதா? (கானாடுகாத்தான்)

ஆச்சி, அவர் போவது அநேகமாக சவுத் பிளாட் ஆறாக இருக்கும். சீஸ்மன் அணைக்குக் கீழே அந்த ஆறு குளிர்காலத்திலும் பெரும்பாலும் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆழமான அணையின் அடித்தண்ணீர் நாலு டிகிரி போல இருக்கும். அதைத் திறந்துவிடுவதால் கொஞ்ச தூரத்துக்கு உறைவதில்லை.

தவறு நேரத்தில் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் மீனுக்கு உடம்பு மந்தம், பசியும் குறைவு. ஆழமான, ஓட்டம் தணிந்த மடுவில் அடியோடு அடியாகக் கிடக்கும். வெயில் ஏறித் தண்ணீர் ஒரு டிகிரி கூடினாலே அசையத் தொடங்கும். காலை 11 முதல் 3 வரை போதும், விடியற்காலை தூங்கச் சொல்லுங்கள். 20, 22 நம்பர் முள்ளில் பொடி மிட்ஜ் நிம்ஃப் (சின்னப் பூச்சிப் புழு மாதிரிக் கட்டிய ஃப்ளை), மெல்லிய டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் நுனி நரம்பு). ஃப்ளை அடித்தரையை ஒட்டி, இழுபடாமல், தண்ணீர் போகும் வேகத்திலேயே போக வேண்டும். இரை தேடி மீன் வராது, வாய்க்கு நேரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தக்கை முங்கும் என்று காத்திருக்கக் கூடாது. லேசாகத் தயங்கினாலே ராடைத் தூக்க வேண்டும்.

ராடின் வளையங்களில் ஐஸ் கட்டினால் விரலால் தட்டி உடைக்காமல் தண்ணீரில் முக்கிக் கரைக்கட்டும். ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) அடி பூட்ஸ் வேண்டாம், பனி உருண்டையாக ஒட்டிக்கொண்டு வழுக்கும். பிடித்த மீனைப் படத்துக்காகத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம், உறைகாற்றில் செவுள் கெட்டுப்போகும். முக்கியமாக, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க வேண்டாம். அந்தக் குளிரில் விழுந்தால் சில நிமிடங்களில் கைகால் சொன்னபடி கேட்காது.

குளிருக்கு எந்த ஃப்ளை சார் பெஸ்ட்? (ஊர் எழுதவில்லை)

ஆறும் இல்லை, மாதமும் இல்லை, தண்ணீர் எத்தனை டிகிரி என்பதும் இல்லை. அடுத்த கடிதத்தில் பார்ப்போம்.

காஸ்டிங் பழக இங்கே இடமில்லையே? (ஆத்தங்குடி)

கண்மாய்க் கரையை ஒட்டிய பொட்டலில் புல் இருக்கிற பக்கமாக நில்லுங்கள். முள்ளுக்குப் பதில் சிவப்பு நூல் துணுக்கைக் கட்டி, 30 அடி நேராக விழும்வரை வீசுங்கள். ஆற்றில் அதற்கு மேல் அதிகம் தேவைப்படாது. நான் முதலில் பழகியது எங்கள் வீட்டு வளவில். பின்வீச்சு தூணில் சுற்றிக்கொண்டது, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பழுப்பு ட்ரவுட் முட்டையிடும்போது ஆழமில்லாத சரளையில் ஜோடியாக நிற்குமாமே. அப்போது சுலபமாக மாட்டும் என்கிறார்களே, நம் கண்மாயில் குஞ்சோடு திரியும் விரால் மாதிரி? (தேவகோட்டை)

மாட்டும். அதனால்தான் கூடாது. இதை எத்தனை வருஷமாக எழுதுகிறேன்!

பழுப்பு ட்ரவுட் முட்டையிடுவது இலையுதிர் காலம் முடிந்து குளிர் பிறக்கும் சமயம். பெட்டை வாலால் சரளையைக் கிளறிப் பள்ளம் பறித்து, முட்டையிட்டு மூடிவிடும். அஞ்சு டிகிரித் தண்ணீரில் அது பொரிக்க மூணு மாதம் கிட்ட ஆகும். ஜோடி போன பிறகும் முட்டை அங்கேதான் கிடக்கிறது. பாசி பிடித்த கற்களுக்கு நடுவே ஓரிடம் மட்டும் கழுவியது போல வெளுத்திருந்தால் அதுதான் கூடு. அதன்மேல் ஒரு பூட்ஸ் பட்டால் நூற்றுக்கணக்கில் நசுங்கும். மீனைப் பத்திரமாகத் திரும்ப விட்டேன் என்று பெருமையாக எழுதுகிற ஆட்கள் கூட்டை மிதித்துக்கொண்டு நிற்கிற படத்தையும் சேர்த்தே அனுப்புகிறார்கள்.

விராலுக்கு வருவோம். மழை பெய்து கண்மாய் பெருகியதும் உள்வாய்ப் பக்கம் செக்கச்செவேலென்று குஞ்சுகள் மொய்த்துக் கிளம்பும். அடியில் தாய் தகப்பன் காவல். பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். ரப்பர் தவளையை அங்கே போடுவதற்கு என்ன திறமை வேண்டும்? காவல் போனால் கெளுத்தியும் கொக்கும் குஞ்சுகளை விட்டுவைக்காது. போன மார்கழியில் எங்கள் கண்மாயில் ஒரு தம்பி அப்படி ரெண்டு கிலோ விராலைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன், தண்ணீரில் சிவப்பே இல்லை. கோடையில் தண்ணீர் வற்றிப் பெரியவர் வெள்ளைத் துண்டு வீசும்வரை கண்மாய் மீனில் கை வைக்காத ஊர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்தான் நீங்களும்.

ட்ரவுட்டுக்குச் செட்டிநாட்டு மசாலா பொருந்துமா? (கோட்டையூர்)

பொருந்தாது. உப்பு, மிளகு, கொஞ்சம் வெண்ணெய். கல்பாசியும் பட்டையும் கோழிக்கு இருக்கட்டும்.

வேடர் (தண்ணீர் புகாத நீளக் கால்சட்டை) போட்டிருந்தால் இடுப்பளவு இறங்கலாம்தானே? (பள்ளத்தூர்)

முழங்கால். இடுப்பு பெல்ட்டையும் இறுக்கிக் கட்டுங்கள், விழுந்தால் உள்ளே தண்ணீர் சீக்கிரம் ஏறாது.

தண்ணீர் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் எங்கே வாங்குவது? (காரைக்குடி)

வண்ணமீன் தொட்டிக் கடையில் நூறு, நூற்றைம்பதுக்குக் கிடைக்கும். கண்ணாடிக் குழாய் என்பதால் கயிறு கட்டி, துணி சுற்றிப் பையில் வையுங்கள். நான் இதுவரை மூணு உடைத்திருக்கிறேன்.