நான்கு அடித் தொட்டியில் ரெட் டெயில் கெளுத்தி

வணக்கம். நான்கு அடித் தொட்டியில் ஓரடி நீளம் வளர்ந்துவிட்ட உங்கள் ரெட் டெயில் கெளுத்தி, உடனிருந்த ஆஸ்கர் மீனை விழுங்கிய பின் மூன்று நாட்களாக உணவைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய இரையைச் செரிக்க இவ்வகை மீனுக்குப் பல நாட்கள் பிடிக்கும். ஆகவே வயிற்றுப் புடைப்பு வடியும்வரை உணவு போடாமலும், மீனைப் பிடித்துப் பார்க்காமலும் இருங்கள், மிரண்டால் விழுங்கியதைக் கக்கி நீரைக் கெடுத்துவிடும். மீன் கழிவால் நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நாள்தோறும் சோதித்து, சிறிதளவு தென்பட்டாலும் குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையிலுள்ள நீரைக்கொண்டு ஒரு பகுதியை மாற்றுங்கள். வாயில் அடங்கும் கூழாங்கற்களை இன்றே அகற்றிவிடுங்கள். அவற்றையும் இது விழுங்கும். ஹீட்டருக்கு உறை போடுங்கள்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது தொட்டிதான். அமேசான், ஒரினோகோ ஆற்றுப் படுகைகளைச் சேர்ந்த இந்த மீன் 1 மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. தொட்டிக்கேற்பச் சிறிதாகவே இருந்துவிடும் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். இடநெருக்கடியிலும் கெட்ட நீரிலும் வளர்ச்சி குன்றினால், அது நோயின் அடையாளமே. தாராளமாகத் திரும்ப இடமுள்ள, பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் வெதுவெதுப்பான குளம் அமைக்க இயலாதெனில், எளிதில் இடம் மாற்றக்கூடிய இந்த அளவிலேயே அத்தகைய வசதியுள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஆற்றிலோ ஏரியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள்.